சம்பந்தியின் சட்டைப் பை

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். உன் அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. உன் படம் சௌக்கியமா என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்பாய் என்று பயந்துதான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

"மாமா, மழை வந்தா ஜன்னலைச் சாத்துங்க, வேற எதையும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். மழை வந்தது. தாழ்ப்பாளுக்கு இரண்டு கை வேண்டியிருந்ததால் டீ டம்ளரை மேசையில் வைத்தேன், மேசையில் உன் தாள் இருந்தது, டம்ளரை எடுத்தால் மூலையில் வட்டமாகக் கறை, துடைத்தால் கறை இரண்டு மடங்கு. உன் நீலத்தைத் தொட்டு வைத்தேன். காய்ந்ததும் அது கருத்துவிட்டது, அதனால் ஓரம் முழுக்க நீலம் இழுத்தேன், அது குளம் போல ஆகிவிட்டது, சும்மா கிடக்கிறதே என்று ஒரு படகு போட்டேன். உன் அத்தை எட்டிப் பார்த்து, "யாரு செருப்பைத் தண்ணில விட்டது?" என்றாள். செருப்பை மறைக்கப் புதர். புதரை மறைக்க மேகம். மேகத்துக்காக வெள்ளை டியூபைப் பிதுக்கினேன். டியூபின் வாயில் காய்ந்திருந்த கட்டி தெறித்து, உள்ளே இருந்ததெல்லாம் கெட்டியாகத் தாளின் நடுவில் விழுந்தது. அங்கே பதிந்திருந்த அந்தச் சட்டைப் பையின் மேல்.

உன் அப்பாவின் சட்டையை நீ அச்செடுக்க வைத்திருக்கும் அந்த ஜெல்லி மாதிரிப் பலகையில் பூசிய வண்ணத்தின் மேல் அழுத்தி எடுத்து, பிறகு தாளை வைத்து உரித்ததை வாசலில் நின்று பார்த்தவன் நான். பையின் தையலும், வேறு நூலில் ஒட்டுப் போட்ட மூலையும் அப்படியே தாளில் வந்திருந்தன. "பையை விட்டுட்டுச் சுத்தி ஒவ்வொரு அடுக்கா வரைவேன் மாமா. அம்மாவுக்குக் கண்ணு தெளிஞ்சதும் முதல்ல இதைத்தான் காட்டணும்" என்றாய்.

முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் இருந்தவன். ஒரு தாள் கெட்டால் இன்னொரு காப்பி, அவ்வளவுதானே என்று பலகையைத் தேடி எடுத்தேன். துடைத்துவிட்ட தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது. "ஒரு தாள்தான் வரும்னு அவ எத்தனை தடவை சொன்னா? எங்க இருந்தீங்க?" என்றாள் உன் அத்தை. சட்டையோ வண்ணம் காய்ந்து அட்டையாகிவிட்டது.

உன் அப்பாவும் நானும் பேசியதைவிட முறைத்துக்கொண்டதுதான் அதிகம். இங்கே வந்தால் அந்தப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, நான் அச்சடித்த தாளில் பிழை திருத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சுழித்ததெல்லாம் உண்மையிலேயே பிழையாகத்தான் இருக்கும். அவர் இல்லாதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறதம்மா. உன்னிடம் சொன்னதில்லை.

இனி உன் அறை வாசலை மிதிக்க மாட்டேன், தூரிகையைத் தொட மாட்டேன். இது சத்தியம். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. உன் வீட்டுக்காரன் கையில் கிடைத்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். உன் அம்மாவுக்கு என் வணக்கம். நீ நன்றாக இருக்க வேண்டும், என்னை மன்னிக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: கிழிக்காதே! கையெழுத்துப் போட்டதும் இந்தத் தாள் நழுவி, ஈரம் காயாத அந்த வெள்ளையின் மேலேயே விழுந்தது. பதறி, பழைய பழக்கத்தில் ஒரே இழுப்பாக உரித்தேன். வெள்ளை முழுவதும் கடிதத்தோடு வந்துவிட்டது. மிச்சத்தை உன் அத்தை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள். அடியில் பை இருக்கிறது, ஒட்டுப் போட்ட மூலையோடு! பிறகு அவள் கடிதத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்து, "இப்பதாங்க படகு மாதிரி இருக்கு" என்றாள். திருப்பிப் பார், அதுவும் ஒரே காப்பிதான். வரும்போது வெள்ளை டியூப் ஒன்று, பெரியதாக, வாங்கி வா. சம்பந்தியின் பையைத் தொட மாட்டேன். அந்தக் குளத்தில் இந்தப் படகை விட வேண்டும், அவ்வளவுதான்.