காப்பி கொடுத்தால் காணோம்

அங்கப்பனின் தென்னந்தோப்பு காணாமல் போனது காலை பதினொன்றேகால் மணிக்கு.

போன இடம், தாராபுரத்தில் பத்திர எழுத்தர் காளிச்சாமியின் ஆபீஸ் கம்ப்யூட்டர். அங்கே டைப் அடிக்கும் செவ்வந்தி அந்தத் தோப்பை ஒன்றும் செய்யவில்லை. தோப்பைப் பற்றிய எட்டு வரிகளை மவுஸால் நீலமாக்கி, கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினாள். காப்பி ஆகியிருக்க வேண்டும். எட்டு வரிகளும் மறைந்துவிட்டன.

"அம்மணி, என்ற தோப்பு எங்கீங்க?" என்றார் பின்னால் நின்ற அங்கப்பன்.

"இங்கதானுங்க இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

அங்கப்பனும் அவர் தம்பி சென்னிமலையும் பதினோரு வருஷம் சண்டை போட்டுவிட்டு, இப்போதுதான் பாகப்பிரிவினைக்குச் சம்மதித்திருந்தார்கள். பத்திரப் பதிவுக்கு மூன்றரை மணிக்கு டோக்கன். இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் இருவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்பது காளிச்சாமியின் கணிப்பு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அண்ணனும் தம்பியும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் காளிச்சாமி வழியாகத்தான்.

செவ்வந்தி தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். இருபத்திரண்டு வருஷமாக அவள் கண் பத்திரத்தின் மேல் இருக்கும், விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். விசைப்பலகையை அவள் பார்த்ததே இல்லை. காப்பி, பேஸ்ட் வித்தை மட்டும் புதுசு. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ரம்ஷா போன வருஷம்தான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு மட்டும் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து, எழுத்தைத் தேடி அழுத்துவாள்.

இப்போதும் குனிந்தாள். போனதைத் திரும்பக் கொண்டுவர கன்ட்ரோல், இசட்.

தோப்பு வரவில்லை. அதற்கடுத்த பத்தி முழுவதும் அரை அங்குலம் உள்ளே தள்ளிப் போனது.

"ஏனுங்க காளிச்சாமிண்ணா," என்று எழுந்தார் சென்னிமலை, "என்ற பங்கை உள்ள தள்றாங்க பாருங்க."

"அது வெறும் எழுத்துங்க."

"இன்னைக்கு எழுத்து தள்ளும். நாளைக்கு வேலி தள்ளும்."

செவ்வந்தி பதறாமல் கிணற்றைப் பற்றிய நான்கு வரிகளை நீலமாக்கி, பேஸ்ட்டுக்கு கன்ட்ரோலையும் வி-யையும் அழுத்தினாள். நான்கு வரிகளும் தடித்துக் கறுத்தன.

"அவரு கெணறு மட்டும் ஏனுங்க கொழுத்துக் கெடக்குது?" என்றார் அங்கப்பன்.

காளிச்சாமிக்கு வியர்த்தது. முந்தாநாள்தான் ஆயுத பூஜை, நேற்று ஆபீஸுக்கு விடுமுறை. கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, இலை போட இடமில்லாமல் சர்க்கரைப் பொங்கலை விசைப்பலகை மேலேயே படைத்தவர் அவர்தான். கொஞ்சம் சிந்தவும் செய்தது.

"பொங்கல் ஏதாச்சும் உள்ள போயிருக்குமா அம்மணி?"

செவ்வந்தி விரலால் தடவிப் பார்த்தாள். பிசுபிசுப்பே இல்லை. வாங்கிய நாளில்கூட அப்படிப் பளபளத்ததில்லை.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டாள். காலையில் சேவ் செய்திருந்த பத்திரத்தில் தோப்பு திரும்ப வந்திருந்தது. ஆனால் காப்பி மட்டும் அதே கதை. அண்ணனும் தம்பியும் காளிச்சாமியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் எரிச்சலை மீறி ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஒரு வெற்றுப் பக்கம் திறந்து ஒவ்வொன்றாக அழுத்தி, துண்டுச் சீட்டின் பின்பக்கம் குறித்தாள். சேவ் ஆகிறது. பிரிண்ட் ஆகிறது. சி அழிக்கிறது. வி தடிக்கிறது. இசட் தள்ளுகிறது. எக்ஸ் புதுப் பக்கம் திறக்கிறது. பத்து முறை அழுத்தினாலும் பத்து முறையும் அதேதான். கெட்டுப்போன பொருள் ஒரு நேரம் போல இன்னொரு நேரம் இருக்காது. இது ரொம்ப ஒழுங்காகக் கெட்டிருந்தது.

ரம்ஷாவுக்கு போன் போட்டாள்.

"சேவ் ஆகுது, காப்பி மட்டும் ஆகலையா? புதுசா இருக்கே அக்கா. மவுஸ்ல ரைட் கிளிக் பண்ணிப் பாருங்க."

"அது பங்குனியிலயே செத்துப்போச்சு கண்ணு."

"சரி, நான் இங்கிருந்தே உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து பாக்கறேன். கைய எடுத்துருங்க."

செவ்வந்தி கையை எடுத்தாள். கோயமுத்தூரில் இருந்த ரம்ஷா தன் விசைப்பலகையில் சி அழுத்தினாள், வி அழுத்தினாள். தென்னந்தோப்பு ஒன்றுக்கு இரண்டாகத் திரையில் வந்து நின்றது.

"எனக்கு நல்லாத்தான் வேலை செய்யுது அக்கா. நீங்க அழுத்துங்க."

செவ்வந்தி அழுத்தினாள். இரண்டில் ஒரு தோப்பு போயிற்று.

"அக்கா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர் நல்லாருக்கு. உங்க கைதான்..."

"என்ற கையா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையை யாரும் குறை சொன்னதில்லை. சுருக்கென்றது.

"நான் அழுத்தறேன், மறுபடியும் பாருங்க," என்றாள் ரம்ஷா. செவ்வந்தி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து கிணற்றை நீலமாக்கியது.

சென்னிமலை அதைப் பார்த்துவிட்டார். "யாரு அது? எங்கியோ குந்திக்கிட்டு என்ற கெணத்துல கை வெக்கறது யாருங்க?"

"சர்வீஸ் புள்ளைங்க..." என்று செவ்வந்தி திரும்புவதற்குள், அவர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

மறுபடியும் போட்டபோது சேவ் செய்திருந்த ஃபைலே கெட்டுப்போய், காலையிலிருந்து அடித்ததெல்லாம் போனது. மணி பன்னிரண்டரை.

"இனி யாரும் காப்பியடிக்க வேண்டாமுங்க," என்றார் அங்கப்பன். "அம்மணி எங்க கண்ணு முன்னால மொதல்லேருந்து அடிக்கட்டும். அதைத்தான் நம்புவோம்." அவர் சொன்ன ஒன்றைத் தம்பி மறுக்காதது அதுவே முதல் தடவை.

பதினொரு பக்கம். செவ்வந்தி தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். சீட்டை டிராயரில் போட்டாள். குனிய வேண்டிய வேலையே இல்லை. காளிச்சாமி கையால் எழுதிய வரைவைக் கண்முன் வைத்து, வாய்விட்டுப் படித்தபடியே அடிக்க ஆரம்பித்தாள். அண்ணன் வலது தோளுக்குப் பின்னால், தம்பி இடது தோளுக்குப் பின்னால்.

ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. கிணறு கிணறாக இருந்தது, தோப்பு இருந்த இடத்தில் இருந்தது. சாப்பாட்டு நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. ஆறாம் பக்கத்தில் வண்டித்தடம் வந்தது.

"வடக்கு தெற்காகப் பத்தடி அகலமுள்ள வண்டித்தடம், இருவருக்கும் பொது..."

"பத்தடியில உன்ற டிராக்டரு திரும்புமாண்ணா?" என்றார் சென்னிமலை.

காளிச்சாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். கேள்வி தனக்கில்லை என்று புரிந்து மூடிக்கொண்டார்.

அங்கப்பன் திரையில் அந்த வரியை விரலால் தொட்டார். "திரும்பாது தம்பி. பன்னெண்டு வேணும்."

"அம்மணி, பன்னெண்டுன்னு போடுங்க. ரெண்டடிய என்ற பக்கத்துல எடுத்துக்குங்க," என்றார் சென்னிமலை.

செவ்வந்தியின் விரல்கள் நிற்காமல் பன்னிரண்டு அடி என்று அடித்தன.

மூன்று இருபதுக்குக் கடைசிப் பக்கம் பிரிண்ட் ஆனது. நாலேகாலுக்குப் பதிவு முடிந்து, அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். சென்னிமலை எல்லோருக்கும் டீ சொன்னார். ஆபீஸ் கூட்டித் துடைக்கும் மயிலாத்தாள் டீ கிளாஸ்களை வாங்கி வைத்தாள்.

"காப்பி பேஸ்ட் வேலை செஞ்சிருந்தா பத்தடியோட போயிருப்போமுங்க," என்றார் அங்கப்பன். "அது ஏன் கெட்டுதுன்னு கடைசி வரைக்கும் தெரியலையே."

"எனக்கு அதுதானுங்க மண்டையக் கொடையுது," என்றாள் செவ்வந்தி.

"கெட்டா என்னங்க, நீங்கதான் கீபோர்டையே பாக்காம அடிக்கிறீங்களே," என்றார் சென்னிமலை.

"இனிமே பாத்தே அடிக்கலாமுங்க," என்றாள் மயிலாத்தாள், துடைப்பத்தைக் கையில் எடுத்தபடி. "பொங்கல் சிந்துன அன்னைக்குக் கீபோர்டுல கீழ்வரிசை எழுத்துக் கட்டைகளைப் புடுங்கிச் சோப்புப் போட்டுக் கழுவி, பி, சி, எம், என்னுன்னு ஏபிசிடி வரிசையிலயே சொருகிப்போட்டேன், மேல ரெண்டு வரிசையும் இன்னும் தாறுமாறாத்தான் கெடக்குது, அதையும் நாளைக்குச் சரி பண்ணிப்போடறேனுங்க."