நாற்பத்து நான்கு வருடம் தாமதமாக ஜேர்மனிக்கு வந்த தேத்தண்ணி மேஜர்

இராணுவ டாங்கியை அகப்பையால் தட்டி நிறுத்திய மனிதப் பிறவி இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஐந்தடி உயரத்தில், பூப்போட்ட தலைத்துணி கட்டிக்கொண்டு. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன், அதனால் துணிந்து எழுதுகிறேன். அவர்தான் எங்கள் தேத்தண்ணி மேஜர்.

மேஜர் என்பது நாங்கள் கொடுத்த பதவி. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் இருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் பிரித்தானியப் படை முகாமிட்டிருந்த ஊர் ஒன்று வரும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து அதே ஊரில் குடியிருந்த நானும் குணம் அண்ணையும் அந்த முகாமின் சிற்றுண்டிச்சாலையில் கோப்பை கழுவினோம். படைவீரர்களுக்குத் தேநீர் கொடுக்கும் பெண்கள் சேவையில் சேர்ந்து, 1958இல், இருபத்தொரு வயதில் இங்கிலாந்திலிருந்து வந்தவர் அவர். தோளில் நட்சத்திரமும் இல்லை, மார்பில் பதக்கமும் இல்லை. ஆனால் அவர் நடந்து வந்தால் இளம் அதிகாரிகள் காற்சட்டைப் பைக்குள் இருந்து கையை எடுத்துவிடுவார்கள்.

"இவ மேஜர் இல்லையெண்டால் பிறகு ஆர் மேஜர்?" என்று குணம் அண்ணை ஒருநாள் கேட்டார். அன்றோடு நியமனம் உறுதியாகிவிட்டது.

அவர் பேசியது ஆங்கிலம். எங்களோடு பழகிப் பொறுக்கிய தமிழ்ச் சொற்கள் மூன்று: ஆமாவுக்கு ஓம், சீக்கிரத்துக்குக் கெதியா, பிறகு தம்பி. மூன்றாவதை யாருக்கும் வஞ்சகமில்லாமல் பாவித்தார். முகாமின் பிரிகேடியரும் அவருக்குத் தம்பிதான். மற்றபடி அவர் பேசிய ஆங்கிலம் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

அவருடைய தேநீர் வண்டியும் இங்கிலாந்துப் பிறவி. ஸ்டியரிங் வலப்பக்கம். ஜேர்மனியில் எல்லா வாகனமும் வீதியின் வலப்பக்கத்தால் ஓடுவதால், முன்னால் போகிறவரை முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று மேஜருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவன் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். படையின் போர்ப் பயிற்சி நாட்களில் கோப்பைகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். நான் அவருடைய இடது கண்.

"ஏதும் வருதோ தம்பி?"

"லொறி ஒண்டு வருது மேஜர்."

"பெரிசோ, சின்னனோ?"

"மேஜர்!"

"சரி, சரி. சும்மா கேட்டனான்."

அப்படிப் போன ஒருநாள், பற்றைக்காட்டு மண் பாதையில் எதிரே டாங்கி வரிசை. ஒதுங்க இடமில்லை. மேஜர் வண்டியை நிறுத்தினார், அகப்பையை எடுத்தார், இறங்கினார். ஆள் நடக்கிற வேகத்தில் உறுமி வந்த முதல் டாங்கியின் பக்கத்தில் போய் டங், டங், டங் என்று மூன்று தட்டு. டாங்கி நின்றது. மூடி திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஒண்டில் பின்னால எடும், இல்லாட்டி இறங்கித் தேத்தண்ணியைக் குடியும். நடுவில நிண்டு புகை விடாதையும்."

பன்னிரண்டு டாங்கிகளில் இருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். அன்றைய போர்ப் பயிற்சியில் எந்தப் பக்கம் வென்றது என்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணி தீர்ந்துபோனது தெரியும்.

ஞாபகசக்தி என்றால் அப்படியொரு ஞாபகசக்தி. ஒருமுறை நெஞ்சு நிறையப் பதக்கத்தோடு ஜெனரல் ஒருவர் முகாமைப் பார்க்க வந்தார். மேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூண்டு சீனி. பல்லு வலியெண்டு என்ர வண்டிக்குப் பின்னால இருந்து அழுத ஆள் நீர்தானே?" என்றார். ஜெனரலின் முகம் செம்பரத்தம்பூ. "இப்ப ஒரு சீனிதான். மனிசி விடமாட்டா" என்று மெல்லச் சொன்னார்.

"நீங்கள் ஏன் கலியாணம் கட்டேல்லை?" என்று குணம் அண்ணை ஒருமுறை கேட்டே விட்டார்.

"என்னோட வந்த பெட்டையள் எல்லாம் ஒவ்வொரு சார்ஜன்டைக் கட்டிக்கொண்டு போயிட்டாளவை. நான் இந்த வண்டியைக் கட்டினன். சார்ஜன்ட் குறட்டை விடுவான். இது நிப்பாட்டினால் சத்தம் போடாது."

இது எல்லாம் சிரிப்புக் கதை. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. படை தூர தேசத்துச் சண்டைக்குப் போகிற காலங்களில் முகாம் குடியிருப்பில் மனைவிமார் மட்டும் மிஞ்சுவார்கள். பத்தொன்பது, இருபது வயது. பாஷை தெரியாத ஊர். பெற்ற தாய் கடலுக்கு அப்பால். மேஜர் தினமும் காலையில் வீடு வீடாகப் போவார். யாரையும் எதுவும் கேட்கமாட்டார். குசினிக்குள் புகுந்து கேத்திலை அடுப்பில் வைப்பார்.

"அங்க போய் என்ன கதைப்பீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கிறேல்லை. தண்ணி கொதிக்கிற சத்தம் போதும் தம்பி. வீட்டில இன்னொரு ஆள் நிக்கிற சத்தம் அது."

நல்ல பேச்சுக் கேட்டால் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இதைக் கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். இன்னும் இருக்கிறது.

2002இல் மேஜருக்கு ஓய்வு வயது வந்தது. வேலை போனால் முகாம் வீடும் போகும். வெள்ளிக்கிழமை மதியம் வீட்டைப் பூட்டித் திறப்பை ஒப்படைக்கவேண்டும். பெட்டிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக லொறியும் ஏற்பாடாகிவிட்டது.

"அங்க ஆர் இருக்கினம்?" என்றேன்.

"தங்கச்சி இருந்தவள். போன வருசம் போயிட்டாள்." பிறகு, "இங்கயே இருக்க ஏலாதோ தம்பி?" என்று கேட்டார். டாங்கியிடம் பேசிய குரலா இது என்று திகைத்துப்போனேன்.

என் வீட்டுக்குக் கீழே ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது. வீட்டுக்காரர் தருகிறேன் என்றார். ஆனால் நகரசபையின் வதிவிடப் பத்திரத்தைக் காட்டினால்தான் கையெழுத்து. அப்போதுதான் அந்த அதிசயம் வெளியே வந்தது: மேஜரிடம் அப்படி ஒரு பத்திரம் இருந்ததே இல்லை. படையோடு வந்தவர்களுக்குப் படை அட்டை போதும், நகரசபையில் பதியத் தேவையில்லை. நாற்பத்து நான்கு வருடம் ஜேர்மன் மண்ணில் வாழ்ந்தவரைப் பற்றி ஜேர்மன் கடதாசி ஒன்றுக்கும் தெரியாது!

வெளிநாட்டவர் பதிவகம் வியாழக்கிழமை காலை மட்டும் திறக்கும். அந்த ஒரு காலையை விட்டால் வெள்ளி லொறிதான்.

"விடுங்கோ, நான் பாக்கிறன்" என்றார் குணம் அண்ணை. அகதித் தஞ்சம் கேட்கிற அசூல் வழக்கில் மூன்று முறை தோற்று நான்காம் முறை வென்றவர். ஆகவே எங்கள் வட்டாரத்தில் சட்டம் தெரிந்தவர் அவர்தான். புதன்கிழமை மேஜரின் குசினியில் ஒத்திகை தொடங்கியது. கேள்வி கேட்கிற அதிகாரி குணம் அண்ணைதான்.

"என்னெண்டு ஜேர்மனிக்கு வந்தனீங்கள்?"

"கப்பல்ல ஹொலண்டுக்கு. அங்கயிருந்து ரயில்."

குணம் அண்ணை தலையில் கை வைத்தார். "ஐயோ, ஹொலண்டைச் சொல்லாதேங்கோ! முதல் கால் வைச்ச நாட்டுக்கே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்!"

"நான் பொய் சொல்ல மாட்டன்."

"பொய் இல்லை மேஜர், மறதி. நாங்கள் எல்லாரும் மறந்தனாங்கள்தானே! சரி, உங்கட நாட்டில என்ன பிரச்சினை?"

மேஜர் நேர்மையாக யோசித்தார். "மழை."

"மழைக்கு அசூல் குடுக்கமாட்டாங்கள். சரி, கடைசிக் கேள்வி. இது முக்கியம். திரும்பிப் போனால் உங்களுக்கு என்ன நடக்கும்?"

மேஜர் எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார்.

வியாழன் காலை ஏழு மணிக்கு நாங்கள் போகும்போதே பதிவக வாசலில் நூறு பேர். இலங்கை, துருக்கி, போலந்து, ஆபிரிக்கா எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மேஜர் இந்தக் காட்சியை வாழ்க்கையில் கண்டதில்லை. வண்டியை வாசலிலேயே நிறுத்தி, அகப்பையை எடுத்தார்.

"தம்பிமார்! ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர்!"

அவ்வளவுதான். பதினேழு வருடமாக நான் இடிபட்ட அந்த வாசலில் முதல்முறையாக ஒரு நேர்கோடு. எல்லார் கையிலும் தேத்தண்ணி. வண்டியை எடுக்கச் சொல்ல வந்த காவலாளியும் கோப்பையோடு வரிசையின் கடைசியில் நின்றார், ஏன் நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாமல்.

வரிசை எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் தொடங்கியதால் எங்களுக்குக் கிடைத்த இலக்கம் ஒன்பது. நான் நிம்மதியாக மூச்சு விட்டுத் திரும்பினால், மேஜர் அதை ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவளுடைய நாற்பத்தொன்றை வாங்கி வைத்திருந்தார். அந்த நாற்பத்தொன்றும் கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் பிடித்த துருக்கிப் பெரியவரிடம் போனது. இப்போது எண்பத்தெட்டு.

"மேஜர், நாளைக்குத் திறப்புக் குடுக்கோணும்! பன்னிரண்டு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்!"

"கத்தாதையும் தம்பி. அந்தாளுக்குக் கால் ஏலாது."

பன்னிரண்டு அடிக்கும்போது இலக்கப் பலகையில் எழுபத்தாறு. குணம் அண்ணை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கதவைப் பூட்ட வந்த கண்ணாடி போட்ட அதிகாரி, நீளமான அந்த வரிசையை வியந்து பார்த்தார்.

"இண்டைக்கு ஏன் இங்க ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை?" என்று ஜேர்மனில் கேட்டார்.

வரிசையில் நின்ற அத்தனை விரல்களும் மேஜரைக் காட்டின. அந்தக் கர்ப்பிணிப் பெண் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்தாள். "முதல் இவவை எடுங்கோ" என்றாள். துருக்கிப் பெரியவர் ஊன்றுகோலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அதிகாரி கதவைத் திறந்து பிடித்தார்.

உள்ளே குணம் அண்ணை, இரவிரவாக எழுதிய மனுவும் பழைய கடதாசிகளுமாகத் தலையணை மொத்தத்தில் ஒரு கோவையை மேசையில் வைத்தார். அதிகாரி அதைத் திறக்கவே இல்லை. கடவுச்சீட்டையும் ஓய்வூதியத் தாளையும் காப்புறுதித் தாளையும் மட்டும் வாங்கினார். "ஐரோப்பிய ஒன்றியத்துப் பிரஜை. இது போதும்."

"அப்ப நாங்கள் எழுதின பதினாறு பக்கம்?" என்று குணம் அண்ணை தமிழிலேயே கேட்டார். அவருடைய வேதனைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"அவ்வளவுதான். முடிந்தது" என்றார் அதிகாரி.

மேஜர் எழும்பவில்லை, அதிகாரியைப் பார்த்தார். "தம்பி, கடைசிக் கேள்வியைக் கேட்கேல்லை நீர். திரும்பிப் போனால் என்ன நடக்கும் எண்டு."

"அதைக் கேட்கத் தேவையில்லை, அம்மா."

"நான் இரவு முழுக்க யோசிச்சுப் பாடமாக்கிக்கொண்டு வந்தனான். கேளும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மேஜர் தலைத்துணியைச் சரிசெய்தார்.

"ஒண்டும் நடக்காது. அதுதான் பயம்."

அதை நான் ஜேர்மனில் சொன்னேன். அதிகாரி முத்திரையைக் குத்தினார். பிறகு திகதிப் பெட்டியில் அன்றைய திகதியை எழுதினார்.

"இது பிழை. நான் வந்தது 1958" என்றார் மேஜர்.

"எங்கள் கணக்கில் நீங்கள் ஜேர்மனிக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறீர்கள். நல்வரவு."

வெளியே வந்ததும் மேஜர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் எப்ப வந்தனீர்?"

"எண்பத்தைந்தில."

"அப்ப எனக்குப் பதினேழு வருசம் மூத்த ஆள்" என்று நிமிர்ந்து நின்று, முகாமில் ஜெனரலுக்குக்கூட வைக்காத சலாம் ஒன்றை எனக்கு வைத்தார். அடுத்த நாள் லொறி வந்தது, பெட்டிகளோடு முகாம் வாசலைத் தாண்டியது, நாலு தெரு தள்ளி எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

அந்த மாரிகாலம் அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தைத் தானே நிரப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தார். சரியோ என்று பார்க்க வாங்கினேன். அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. உறவுமுறை என்ற பெட்டிக்குள், தேத்தண்ணி மேஜர் தன் கோணல் எழுத்தில், கோப்பை கழுவுகிற என்னை "மேலதிகாரி" என்று எழுதியிருந்தார். தாதி அதைத் திருத்தப் பேனாவை எடுத்தாள். நான் விடவில்லை.