காருக்கு மூக்கு வைத்த மகான்

பழைய கார் வைத்திருக்கும் பாவிகளே, கேளுங்கள். உங்கள் எஞ்சின் கொதிப்பதற்குக் காரணம் தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை. உங்கள் காருக்கு மூக்கு இல்லை, அதுதான்.

இப்படிச் சொன்னவர் மூச்சு மகான். சொன்ன மறுவாரமே அவருடைய தகரக் கொட்டகைக்கு முன்னால் அரை மைலுக்குக் கார்கள் நின்றன. எல்லாம் தாத்தா வயதுக் கார்கள், எல்லாம் எஞ்சினை ஓடவிட்டபடி ஆவி கக்கிக்கொண்டிருந்தன. கொதிக்கிற காரை வெயிலில் ஓடவிட்டபடியே நிறுத்தி வைத்தால் இன்னும் கொதிக்குமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அங்கே வந்திருக்கவே மாட்டார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வைத்தியம் இதுதான். டாக்டர் கழுத்தில் தொங்குமே ஒரு குழாய், அதை பானெட்டில் வைத்து மகான் காது கொடுப்பார். "ஐயோ பாவம், மூச்சுத் திணறுது" என்பார். பானெட்டைத் திறந்து நாடி பார்க்க இடுப்புவரை உள்ளே குனிவார். மேலே ஒரு போர்வை போட்டுக்கொள்வார், பிறர் கண் படக்கூடாதாம். பிறகு மூடிவிட்டு, சாக்பீஸால் பானெட்டில் இரண்டு நாசி வரைவார். அவ்வளவுதான், சூடு காட்டும் முள் சிவப்பிலிருந்து அடிக்கு இறங்கிவிடும். கூட்டம் கைதட்டும். அவருடைய மச்சான் கட்டர் மெஷினோடு வந்து, வரைந்த இடத்தை வெட்டி எடுப்பார்.

கட்டணம் நாசிக்கு இவ்வளவு என்று. ஒரு நாசி போதுமே என்ற சிக்கனக்காரரிடம், "ஜலதோஷம் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று மகான் கேட்டார். அவர் யோசித்துப் பார்த்து இரண்டாகவே வாங்கிக்கொண்டார்.

பானெட்டில் துளை போடுவது ஒன்றும் குற்றமில்லை. காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்துப் போட்டால் சூடு இறங்கத்தான் செய்யும். மகான் பார்த்தது கார் பிறந்த கிழமையை. வெள்ளிக்கிழமை தொழிற்சாலையை விட்டு வந்த காருக்கு இடது நாசி பெரிதாக இருக்க வேண்டுமாம்.

என் அண்ணனுக்கு அவன் கார்தான் சோறு. கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறான். அந்த நீண்ட பானெட்டில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளவே ஜோடிகள் தேடி வருவார்கள். அப்படியொரு பானெட்டை இன்று யாரும் செய்வதில்லை, வெட்டினால் வெட்டியதுதான். ஆனால் அந்த மாதத்தில் இரண்டு கல்யாணங்களில் கார் நடுரோட்டில் கொதித்து நின்றுவிட்டது. நாங்கள் வரிசையில் நின்றதற்கு முந்தின நாள்கூட ஒரு மணப்பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தே போனாள். இன்னொரு தடவை நின்றால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயத்தில், முகப்பில் கட்டிய பூ அலங்காரத்தைக்கூடப் பிரிக்காமல் அண்ணன் காரை அங்கே கொண்டுவந்துவிட்டான்.

கூடவே அண்ணியும் வந்திருந்தார். அவருக்கு மருத்துவமனையில் கத்தி, கத்தரிகளை ஆவியில் அவித்துக் கிருமி நீக்குகிற வேலை. நாள் முழுக்க மூன்று மீட்டர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பவர். முள் சொன்னதை மட்டும் நம்பினால் அங்கே வேலை போய்விடும்.

எங்கள் முறை வந்தது. குழாய், போர்வை, சாக்பீஸ் எல்லாம் ஆயின. முள் அடிக்கு இறங்கியது. அண்ணன் கண் கலங்கிவிட்டான், வெட்கக்கேடு. மச்சான் கட்டரை முடுக்கினார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அண்ணி. "ஐயா, சாக்பீஸுக்கே சூடு இறங்கிடுச்சே. அப்புறம் எதுக்கு வெட்டணும்?"

"சாக்பீஸ் மூக்கு மழையில அழிஞ்சிடும்மா" என்றார் மகான். கூட்டம் தலையாட்டியது. எவ்வளவு ஆழமான பதில்.

"சரிதான். அப்ப எஞ்சின் இப்ப ஆறிடுச்சா?"

"பனிக்கட்டி மாதிரி."

"அப்ப அதுமேல கையை வைங்க. பத்து எண்ணுறேன்."

"நான் தொட்டா சக்தி இறங்கிடும்."

"அப்ப உங்க மச்சான் வைக்கட்டும்."

மச்சான் நல்ல மனுஷர், மனசார நம்பியவர். கட்டரைக் கீழே வைத்தார், பானெட்டைத் தூக்கினார், உள்ளங்கையை விரித்துக்கொண்டு குனிந்தார்.

"தொடாத மச்சான், வெந்துடும்" என்று அலறினார் மகான்.

ஒரே வாக்கியத்தில் மகான் உண்மையைச் சொல்லிவிட்டார். தொழிலுக்கு வந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணி துணியைச் சுற்றிய கையை உள்ளே விட்டு, போர்வைக்கடியில் மகான் பிடுங்கிவிட்டிருந்த, சூட்டு முள்ளுக்குப் போகும் ஒயரை எடுத்துக் காட்டினார். மாட்டினார். முள் துள்ளிக்கொண்டு சிவப்புக்கு ஏறியது. உடனே எஞ்சினை நிறுத்தினார்.

"இத்தனை நாளா நான் எதை வெட்டிட்டு இருந்தேன்?" என்று மச்சான் கேட்டார். பதில் சொல்ல மகான் அங்கே இல்லை. தன் காரில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். அந்த பானெட்டில் ஒரு துளைகூட இல்லை.

அண்ணி முகப்பு அலங்காரத்தைப் பிய்த்தார். முன்பக்கம் காற்று நுழைகிற சல்லடை முழுக்கப் பூ, ஜரிகை, பிளாஸ்டிக் இதயம் ஒன்று. உள்ளே ரேடியேட்டரில் பல கல்யாணங்களின் காய்ந்த இதழ்கள் அப்பிக் கிடந்தன.

"ஏங்க, காருக்கு மூக்கு முன்னாடியே இருக்கு" என்றார். "அதைப் பூவால அடைச்சது நீங்க."

அதைச் சுத்தம் செய்தோம். அடுத்த கல்யாணத்தில் மணப்பெண் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே போய் இறங்கினாள். பூவெல்லாம் டிக்கியின் மேல் இருந்தது.

ஆனால் அன்று கொட்டகையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணி வைத்தியம் முடிந்து நின்ற மற்ற கார்களுக்கும் ஒயரை மாட்டிவிட்டுக்கொண்டே வந்தார். இரண்டு நாசி வாங்கினாரே சிக்கனக்காரர், அவர் தன் முள் சிவப்பில் நிற்பதைப் பார்த்துவிட்டு அண்ணியின் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அம்மா, என் ஒயரை மட்டும் திரும்பக் கழட்டி விட்டுடுங்களேன். முள் கீழ இருந்தாத்தான் நிம்மதியா இருக்கு."

அவருக்குப் பின்னால் அதையே கேட்க ஒரு வரிசை நின்றது. ஒயரைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களே, எரிவது உங்கள் எஞ்சின். ஒருமுறையாவது தொட்டுப் பாருங்கள்.