அக்கா கல்யாணத்துக்கு நான் அடித்த காற்று

கல்யாண வீட்டில் இன்ஜினியர்களுக்குப் பந்தி பரிமாறுவதற்கு மேல் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. என் அக்கா கல்யாணத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அப்போது நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பேட்டரிக்குள் சூடு, காற்று, ஈரம் எல்லாம் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் வேலை. (வீட்டில், "ஏதோ கலர் கலரா படம் பாக்கறான்" என்பார்கள்.)

கல்யாணம் சித்திரை வெயிலில், கிருஷ்ணகிரி ரோட்டில் ஏசி இல்லாத மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூர்ப் பக்கம், வெயில் தாங்காதவர்கள்.

"நாலு கூலர் வாடகைக்குச் சொல்லியிருக்குது. எங்க வெக்கறதுன்னு நீ பாத்துக்கோ" என்றார் அப்பா.

பார்த்துக்கொண்டேன். மண்டபத்தையே லேப்டாப்பில் கட்டினேன். ஜனங்களின் உடல் சூடு, விளக்குச் சூடு, கூலரின் ஈரக் காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால், நாலு கூலரையும் மேடைப் பக்கம் திருப்பும்போது படத்தில் மணவறை ஊட்டி மாதிரி குளுகுளு நீலமாக வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துச் சம்பந்தியிடம் வேறு காட்டினேன்.

ஓமத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துபோனேன்.

ஐயர் நெய் ஊற்றினார். மேலே போக வேண்டிய புகை, நாலு பக்கக் காற்றும் மோதியதில் போக்கிடம் இல்லாமல் மணமக்கள் முகத்தையே சுற்றியது. ஐயர் மந்திரத்துக்கு நடுவே இருமினார். "ஏனப்பா இது ஹொகெ!" என்று சம்பந்தி கன்னடத்துக்குத் தாவினார். புகையை விரட்டக் காற்று பத்தவில்லை போலிருக்கிறது என்று எல்லாக் கூலரையும் முழு வேகத்தில் வைத்தேன். தீ திகுதிகுவென்று எழுந்தது. மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையெல்லாம் சாம்பல் படிந்தது.

மாலைக்குள்ளிருந்து தலையைத் தூக்கிய அக்கா, மண்டபமே கேட்கக் கத்தினாள்: "டேய்! அந்தக் கருமத்த நிறுத்துடா!"

நிறுத்தினேன். புகை ஒழுங்காக மேலே போனது. தாலியும் நல்லபடியாக ஏறியது. மாப்பிள்ளையின் கண்ணீர்தான் நிற்கவில்லை. ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் அவர் தாரை தாரையாக அழுகிறார். அக்கா மேடைக்கு வெளியே யாரையோ முறைக்கிறாள். (யாரையோ என்ன, என்னைத்தான்.)

இப்போது அவர்கள் மகள் ஸ்கூலுக்குப் போகிறாள். ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம், "ஏம்ப்பா அழுவுற? அம்மாவப் புடிக்கலியா?" என்று கேட்பாள்.

"நான் படப்போறதையெல்லாம் உங்க மாமன் கம்ப்யூட்டர்ல முன்னாடியே போட்டுக் காட்டிட்டான்மா, அதான்" என்பார் அக்கா வீட்டுக்காரர்.

அக்கா கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள். என் மேல்தான்.