நாற்பது நாள் காலிஃபிளவர்

தராசுக்காரருக்குக் காலிஃபிளவர் மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அது காலிஃபிளவராகவே தட்டுக்கு வந்திருந்தால் பேசாமல் சாப்பிட்டு எழுந்திருப்பார். சோறு வேஷம் கட்டிக்கொண்டு வந்ததைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"என்னம்மா இது?"

"சோறுங்க."

"இதுவா?"

"காலிஃபிளவரைத் துருவி வெண்ணெயில வதக்கினா அசல் சோறு மாதிரியே இருக்கும். குழுவுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"அசல் சோறு இன்னும் நல்லா அசல் சோறு மாதிரி இருக்குமே. அதையே வடிச்சிருக்கலாமே?"

மனைவி தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். இருபத்து மூன்று வருட இல்லறத்தில் அவருடைய நியாயமான கேள்விகளுக்கெல்லாம் கிடைத்த பதில் இந்த இன்னொரு கரண்டிதான்.

எடை அளவு அலுவலகத்தில் அவருக்கு வேலை. காய்கறிக்கடை, இறைச்சிக்கடை, இரும்புக்கடை என்று ஊரில் எந்தத் தராசு பொய் சொன்னாலும் இவர் எடைக்கல்லோடு போய் நிற்பார். சோதித்துப் பார்த்து, திருகைத் திருகிச் சரிசெய்து, ஈய முத்திரை குத்திவிட்டு வருவார். அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தராசுக்காரர் என்றால் கடைவீதியே எழுந்து நிற்கும். வீட்டில் மட்டும் யாரும் எழுந்து நிற்பதில்லை.

வினை டாக்டர் ரூபத்தில் வந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தொண்ணூற்றிரண்டு கிலோ கொஞ்சம் அதிகம், மாவுச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். குறைத்துக்கொள்ளத்தான் சொன்னார். மனைவி வீட்டுக்கு வந்த வேகத்தில் அரிசி டப்பா, உருளைக்கிழங்குக் கூடை, பிஸ்கட் எல்லாவற்றையும் நாடு கடத்தினாள். அன்று மாலையே 'மாவில்லா அடுப்படி' என்று கைபேசியில் ஒரு குழுவைத் தொடங்கினாள். ஒரே வாரத்தில் முன்னூற்று நாற்பது பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஊரில் முன்னூற்று நாற்பது கணவன்மார்கள் பட்டினி கிடக்கத் தயாராக இருக்கும் விஷயம் தராசுக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

குழுவில் நாள் முழுக்கச் சமையல் குறிப்பும் அனுபவமும் பறந்தன. ஒருத்தி பாதாம் மாவில் ரொட்டி சுட்டாள். மனைவியும் சுட்டாள். அதைக் கத்தியால் வெட்ட முடியாமல் தராசுக்காரர் தன் வேலைப் பெட்டியைத் தேடினார். இன்னொருத்தி காபியில் வெண்ணெய் போட்டால் மதியம் வரை பசிக்காது என்று எழுதினாள். அது உண்மைதான். காபியின் மேல் மிதந்த எண்ணெயைப் பார்த்த பிறகு அவருக்கு மறுநாள் வரை பசிக்கவில்லை.

"எத்தனை நாளைக்கும்மா இது?" என்று ஒரு நாள் குரல் உடைந்தே கேட்டுவிட்டார்.

"நாற்பது நாள். எட்டு கிலோ குறையணும். குறைஞ்சா நாற்பதாம் நாள் காலையில வாழ்க்கைக்குத் திரும்பலாம். சுடச்சுடச் சோறு, நெய், உருளைக்கிழங்கு வறுவல்."

"குறையலைன்னா?"

"இன்னும் மூணு மாசம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க எடையைக் குழுவுல போடுவேன். எல்லாரும் ஆவலா இருக்காங்க."

முதல் ஞாயிற்றுக்கிழமை குளியலறைத் தராசில் ஏறினார். தொண்ணூற்றிரண்டரை. அரை கிலோ ஏறியிருந்தது. காரணம் அவருக்குத் தெரியும். அலுவலகத்துக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. தினம் பதினொரு மணிக்கு அங்கே வெண்ணெய் பன் சூடாக வெளியே வரும். பன்னோடு சேர்த்து இவரும் அலுவலகத்தைவிட்டு வெளியே வருவார்.

மூன்று மாதம் என்பதை நினைத்ததும் அவருக்குக் கண் இருட்டியது. அப்போதுதான் அந்தப் பாவ எண்ணம் தோன்றியது. ஊரில் எல்லாத் தராசையும் சரிசெய்கிறவனுக்குத் தன் வீட்டுத் தராசு ஒன்றைக் கெடுக்கத் தெரியாதா?

கற்றுக்குட்டியாக இருந்தால் வெளியே தெரியும் திருகைத் திருகி முள்ளைப் பின்னால் தள்ளியிருப்பான். ஆளில்லாமலே முள் சுழியத்துக்குக் கீழே நிற்கும். குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். இவர் அப்படிச் செய்வாரா? மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்துத் தராசைக் கவிழ்த்தார். அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே நெம்புகோலை ஒரு நூலிழை நகர்த்தினார். யாரும் ஏறாவிட்டால் முள் ஒழுங்காகச் சுழியத்தில் நிற்கும். ஏறினால்தான் பொய் சொல்லும். இருபத்தைந்து வருட அனுபவம் பேசியது. தன் வேலைத்திறமையை நினைத்து அவருக்கே புல்லரித்தது. இந்த அழகான வேலையை யாரிடமும் காட்ட முடியாதே என்றுதான் வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நூலிழை. தொண்ணூறு, எண்பத்தெட்டு, எண்பத்தாறு. மனைவி ஒவ்வொரு வாரமும் முள்ளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். 'அக்கா, உங்கள் வீட்டுக்காரர் தெய்வம்' என்று ஒருத்தி எழுதினாள். 'அதே குறிப்பைத்தான் செய்கிறேன், என் வீட்டுக்காரர் ஏறிக்கொண்டே போகிறார்' என்று இன்னொருத்தி அழுதாள். தராசுக்காரருக்கு அந்த முகம் தெரியாத மனிதன்மேல் மிகுந்த அனுதாபம் ஏற்பட்டது. பதினொரு மணி பன் இப்போது இரண்டாக உயர்ந்திருந்தது. நெம்புகோல் இருக்கும்போது கவலை எதற்கு?

இருபத்தொன்பதாம் நாள் மனைவி சிவந்த முகத்தோடு வீட்டுக்குள் வந்தாள்.

"என்னங்க, காய்கறிக்கடைக்காரன் நம்மளை ஏமாத்துறான். நீங்க உடனே போய் அவன் தராசைப் பிடிங்க."

"என்ன ஆச்சு?"

"குழுவுல எல்லாரும் சேர்ந்து மொத்தமா காலிஃபிளவர் வாங்கினோம். இருபது கிலோ மூட்டை. வீட்டுக்கு வந்து குளியலறைத் தராசுல வச்சுப் பார்த்தா பதினெட்டரைதான் இருக்கு. திரும்பிப் போய்ச் சண்டை போட்டா, 'அம்மா, இது உங்க வீட்டுக்காரர் முத்திரை குத்தின தராசும்மா'ன்னு என்னையே திருப்பிக் கேக்குறான்!"

தராசுக்காரர் வாயில் இருந்த பாதாம் ரொட்டி அப்படியே நின்றது. கடைக்காரன் தராசு சரியென்றால் வீட்டுத் தராசு தப்பு. வீட்டுத் தராசு சரியென்றால் அவர் குத்திய முத்திரை பொய். ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் மானம். அவர் மூன்றாவது பக்கமாகப் பாய்ந்தார்.

"காய் காய்ஞ்சிருக்கும்மா. காலிஃபிளவர்ல பூராவும் தண்ணிதான். வெயில்ல எடை இறங்கிரும்."

"கடையில இருந்து இங்க வர அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துல ஒன்றரை கிலோ தண்ணியா?"

"வெயில் அப்படி."

மனைவி ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். மேகமூட்டமாக இருந்தது. பிறகு அவரைப் பார்த்தாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். தராசைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தப்பித்துவிட்டோம் என்று அவர் பெருமூச்சு விட்டார். மனைவி ஒரு விவாதத்தை இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தால் பயப்பட வேண்டும் என்பது இருபத்து மூன்று வருடத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பன் சாப்பிட்ட மூளை. தெரியவில்லை.

நாற்பதாம் நாள் திங்கட்கிழமை வந்தது. அன்று மேலதிகாரி அலுவலகத்துக்கு வருகிறார். எல்லா எடைக்கற்களையும் அவர் முன்னால் காட்டியாக வேண்டும். அதற்காகத் தராசுக்காரர் சனிக்கிழமையே இருபது கிலோ இரும்புக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து, எண்ணெய் பூசி, மூலையில் வைத்திருந்தார்.

காலையில் குளித்துவிட்டுத் தராசில் ஏறினார். எண்பத்து நான்கு. மிகச்சரியாக எட்டு கிலோ.

"ஜெயிச்சிட்டீங்க!" என்றாள் மனைவி. அடுப்படியிலிருந்து வாசனை வந்தது. அசல் சோறு. உருகின நெய். எண்ணெயில் உருளைக்கிழங்கு சடசடக்கும் சத்தம். தராசுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணைப் போய் ஏமாற்றினோமே என்று மனம் நொந்தார். அவசரமாக உடுத்திக்கொண்டு சாப்பிட உட்கார நினைத்து, பீரோவைத் திறந்தார்.

முதல் பேன்ட் தொடைக்கு மேல் ஏறவில்லை. இரண்டாவது இடுப்புவரை வந்தது, பித்தான் நான்கு விரல் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. மூன்றாவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்தார். மூச்சுதான் போனது.

"இவளே! என் பேன்டுக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"எதிர்வீட்டுத் தையல்காரம்மாகிட்ட கொடுத்துப் பிடிச்சு வச்சேங்க. எட்டு கிலோ இளைச்சவர் தொளதொளன்னு மேலதிகாரி முன்னால போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"யாரைக் கேட்டு அளவு சொன்னே?"

"தராசைக் கேட்டுத்தான். அது பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

அவர் துண்டோடு கதவோரம் நின்றார். கடிகாரத்தில் மணி எட்டே முக்கால்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். ஒரு கையில் சோற்றுத் தட்டு, ஆவி பறந்தது. இன்னொரு கையில் அவருடைய பழைய சாம்பல் நிறப் பேன்ட். அதில் மட்டும் ஊசி படவில்லை.

"இப்ப சொல்லுங்க. எட்டு கிலோ குறைஞ்சிருந்தா இந்தத் தட்டு உங்களது. பீரோவுல இருக்கிற பேன்ட்ல ஒண்ணைப் போட்டுக்கிட்டுச் சாப்பிட உட்காருங்க. குறையலைன்னா இந்தப் பேன்ட் உங்களது. தட்டு என்னோடது."

"அது வந்தும்மா... தையல்காரம்மா கொஞ்சம் அதிகமாப் பிடிச்சிட்டாங்க போல..."

"எதுங்க வேணும்?"

தராசுக்காரர் தட்டைப் பார்த்தார். நெய் சோற்றின் நடுவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பேன்டைப் பார்த்தார். மேலதிகாரியை நினைத்தார். கை தானாக நீண்டது. அந்தக் கையை வாழ்நாள் முழுக்க அவர் மன்னிக்கப் போவதில்லை. அது பேன்டை வாங்கிக்கொண்டது. நாற்பது நாள் பன்னின் புண்ணியத்தில் அதுவும் இடுப்பில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சோற்றைப் பிசைந்தாள். "வீணாக்கக் கூடாதுல்ல" என்றாள். "உங்க டப்பா மேசை மேல இருக்கு. காலிஃபிளவர். இன்னையிலிருந்து மூணு மாசம்."

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு, எடைக்கல்லைத் தூக்க மூலைக்குப் போனார். அங்கே கல்லைக் காணோம்.

"கல் எங்கேம்மா?"

"குளியலறையில."

போய்ப் பார்த்தார். ஊரையே சோதித்த இருபது கிலோ எடைக்கல் குளியலறைத் தராசின் மேல் உட்கார்ந்திருந்தது. முள் பதினெட்டில் நின்றது.

உருளைக்கிழங்கை மென்றுகொண்டே மனைவி சொன்னாள்: "சனிக்கிழமைதான் நம்ம வீட்டுக்கு வந்துச்சு. அதுக்குள்ள ரெண்டு கிலோ இளைச்சிருச்சு பாருங்க. என் சமையல் அவ்வளவு நல்லாவாங்க இருக்கு?"