முழு மீனும் செட்டையும்

மாயா எழுத்துக்கு உரிய மரியாதை கல்வெட்டுகளில் கிடைக்கவில்லை, அருங்காட்சியகங்களிலும் கிடைக்கவில்லை. ஆயிரத்துச் சொச்ச ஆண்டுகள் காத்திருந்து, சென்ற மாசியில், லண்டன் மனோர் பார்க்கில், திரு. ஜம்புநாதன் அவர்களின் முன்னறையில்தான் கிடைத்தது.

அவருடைய மகள் கபிஷனா மத்திய அமெரிக்காவின் அந்தப் பழைய எழுத்தைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறாள். ஓர் அசைக்கு எத்தனை உருவம் என்று எண்ணுவதே நான்கு வருட வேலை. தன் கல்யாண அழைப்பிதழையும் அவளே வரைந்தாள். மாப்பிள்ளை கஜீபன். இருவர் பெயரும் ‘க’வில் தொடங்குவதால், நடுக்கட்டத்தில் இரண்டு பெயர்களுக்கும் மேலே மாயா மக்களின் ‘க’வைப் போட்டாள். கஜீபனுக்கு மேலே ஒரு முழு மீன். தனக்கு மேலே, சீப்புப் போன்ற ஒரு மீன் செட்டை, அதாவது துடுப்பு.

ஜம்புநாதன் கண்ணாடியை மாட்டி மூன்று நிமிடம் பார்த்தார். அவர் நுனிப்புல் மேய்கிற மனிதர் அல்லர்.

“முழு மீன் அவையளுக்கு. செட்டை எங்களுக்கோ?”

“ரெண்டும் ஒரே ‘க’தான் அப்பா. ஒரே எழுத்தை ஒரே மாதிரி ரெண்டு தரம் எழுதினால் மாயாக்காரருக்கு அது வடிவில்லை, அசிங்கம். அதுதான் வேற வேற உருவம்.”

“அப்ப செட்டையை அவையளுக்குப் போடு.”

“போடலாம். ஒரு வித்தியாசமும் இல்லை.”

வித்தியாசம் இல்லையென்றால் மீன் ஏன் முதலில் அந்தப் பக்கம் போனது என்பதை எந்தப் பேராசிரியரும் இதுவரை விளக்கவில்லை. அதற்குள் வரைவைப் பார்த்துவிட்டு, குட்மேய்ஸிலிருந்து சம்பந்தி பரமேஸ்வரனே தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

“அண்ணை, நாங்கள் மூண்டு தலைமுறையாச் சைவம். பெடியன்ர தலைக்கு மேல மீனை விட்டிருக்கிறியள். உங்கட பக்கம் சீப்போட நிக்கிறியள்.”

“அது சீப்பில்லை. செட்டை.”

“அப்ப நீங்கள் சாப்பிட்டு முடிச்சிட்டியள்.”

ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டாரின் ‘உயர்மட்டக் கூட்டம்’ கூடியது. இரண்டு மீன் என்ற யோசனை சைவத்தின் பேரால் தள்ளப்பட்டது. இரண்டு செட்டை என்றால் இரு குடும்பமும் சேர்ந்தே குறைந்துவிடும். சமத்துவத்திலும் ஒரு தரம் வேண்டும்.

“ஒரே உருவத்தை ரெண்டு தரம் போட்டால் சிரிப்பினம்,” என்றாள் கபிஷனா.

“ஆர்?”

“மாயா எழுத்தர்மார்.”

“அவையளுக்கு அழைப்பில்லை,” என்றார் பரமேஸ்வரன்.

கபிஷனா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். மாயா எழுத்தருக்கு அழைப்பில்லை என்பதுதான், மூன்று மணித்தியாலத்தில் சம்பந்திமார் இருவரும் ஒத்துப்போன முதல் இடம். அந்த உற்சாகத்திலேயே தீர்மானமும் வந்தது: ‘சர்ச்சைக்குரிய நடுக்கட்டம் முற்றாக நீக்கப்படும்.’

ஜம்புநாதனின் மனைவி சிவனேஸ்வரி தேநீர்த் தட்டோடு வந்தார். “இஞ்சருங்கோ, அந்தக் கட்டத்துக்குள்ள…” என்று தொடங்கினார். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அவருக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது.

வெறுமையான இடத்தை ஜம்புநாதன் அடிமட்டம் வைத்து அளந்தார். இடப்பக்கம் அவருடைய ஊர், தகப்பனார் வகித்த தபாலதிபர் பதவி, கோயிலுக்குச் செய்த உபயம். வலப்பக்கம் பரமேஸ்வரனுக்கும் அதேபோல் மூன்று வரி. எழுத்து ஒரே அளவு. ஒரு மில்லிமீற்றர் பிசகில்லை. ஃபாரஸ்ட் கேட் அச்சகம் ஒன்றில் ஐந்நூறு பிரதி அடித்தார்கள். வெள்ளிக்கிழமை கோயிலடியிலேயே பாதிக்கு மேல் கொடுத்து முடிந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் தாளின் கனத்தைப் புகழ்ந்தார்கள்.

அன்று பின்னேரம் கபிஷனா பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, இதில ஆருக்குக் கலியாணம்?”

ஜம்புநாதன் அதை வாங்கி முதலிலிருந்து வாசித்தார். ஊர் சரி. பதவி சரி. உபயம் சரி. மண்டபம், முகூர்த்தம், எல்லாம் சரி.

“வாறவைக்கு எங்களைத் தெரியும்தானே, பிள்ளை.”

இரண்டு குடும்பங்களின் மானத்தை இத்தனை துல்லியமாகக் காத்தவர்களை நாம் குறை சொல்லக் கூடாது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அதில் இடம் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.