நூற்றிருபது யானைகளும் ஒரு நாடகமும்

வானொலி நிலைய இயக்குநர் அவர்கள் சமூகத்துக்கு, விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை சுடும் கொளஞ்சி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி பானுமதியும் மகள் அன்புக்கரசியும் நலம். தாங்களும் தங்கள் அறிவிப்பாளர்களும் தொண்டைக்கட்டு இல்லாமல் இருக்கப் பழமலைநாதரை வேண்டுகிறேன். என் யானைகள்தான் நலமாக இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஐயா, இருபத்திரண்டு வருடமாக எங்கள் பட்டறைக்குக் கடிகாரம் தங்கள் வானொலிதான். கைபேசியைச் சூளைக்குப் பக்கத்தில் வைத்தால் சூடேறி அணைந்துவிடுகிறது. கைக்கடிகாரம் கட்டினால் மணிக்கட்டு வெந்துபோகிறது. ஆகவே பக்திப் பாடலுக்குப் பர்னரைப் பற்றவைப்பேன், மாநிலச் செய்திக்குத் தீயைக் கூட்டுவேன், மாதர் நிகழ்ச்சிக்கு இன்னும் கொஞ்சம், மாலையில் உழவர்களுக்கு வானிலை சொல்லும்போது அணைத்துவிடுவேன். ஒரு பொம்மை கெட்டதில்லை. (கெட்டது உண்டு, அது மழையால்.) போன செவ்வாய்க்கிழமை தாங்கள் என்ன நினைத்தீர்களோ, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாட்டு மக்கள் அனைவருக்கும் என்று சொல்லிக் காலை முதல் இரவு வரை விதவிதமான சிறப்பு நிகழ்ச்சிகளை வைத்துவிட்டீர்கள். முந்தின நாளே அறிவித்தோம் என்பீர்கள். அந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

அன்றைக்கு என் மனசும் சரியில்லை. அன்புக்கரசி பீங்கான் டிப்ளமோ முடித்தவள். குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் டைல்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. "செவ்வாக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்குள்ள, வரேனா வரலையான்னு பதில் அனுப்பணும்பா. நீங்க சொல்லுங்க" என்று நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை சாப்பிடும்போது, "அந்த ஊர்ல உனக்கு யாரு இருக்குறா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் அவள் கண்ணில் படாமல் இருக்க விடியும் முன்பே சூளைக்கு வந்து, நூற்றிருபது யானை பொம்மைகளை அடுக்கிவிட்டு ரேடியோவைத் திருகினேன்.

அஸ்ஸாமில் யாரோ படகோட்டிக்கொண்டே பாடினார். இதுவும் பக்திதான் போலிருக்கிறது என்று பற்றவைத்தேன். அடுத்து லடாக்கில் ஆடு மேய்ப்பவர் பேசினார். அவர் ஆடுகளை எண்ணி முடித்ததும் தீயைக் கூட்டினேன். மனிதருக்கு எத்தனை ஆடு என்கிறீர்கள்! பஞ்சாபில் ஓர் அம்மா ஊறுகாய் போடக் கற்றுக்கொடுத்தார்கள். டீ கொண்டுவந்த பானுமதி, "எண்ணெய ரொம்ப ஊத்துறாங்களே" என்றபடி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மணிப்பூர்த் தாலாட்டு வேறு போட்டீர்கள். பட்டப்பகலில் தாலாட்டு போட்டால், ராத்திரி தூங்காத மனிதன் என்ன செய்வான்?

ஐந்து மணி வாக்கில் ராஜஸ்தான் நாடகம், தமிழில். ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் அப்பா, தூர ஊரில் வேலை கிடைத்த மகள். மகளின் டிக்கெட்டைத் தலைப்பாகைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கும் அந்த ஆள், "அந்த ஊர்ல உனக்கு யார் இருக்கா?" என்கிறான். ஐயா, இது என் வசனம். தங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்குத் தனி விளக்கம் தேவை. பானுமதி என்னைப் பார்த்தாள். நான் ரேடியோவைப் பார்த்தேன். அவள் விருட்டென்று எழுந்து வீட்டுக்குள் போனாள். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் ஊதியது. அந்தப் பெண் "அப்பா..." என்றாள். தற்செயலாகச் சூளை ஓட்டையில் பார்க்கிறேன், உள்ளே வெள்ளை வெளேர் என்று எரிகிறது. நான் போட்ட கூச்சலில் அன்புக்கரசி ஓடிவந்து கேஸ் வால்வை மூடினாள். எல்லாம் அடங்கித் திரும்பினால் ரேடியோவில் இந்திச் செய்தி. மணி ஆறைத் தாண்டியிருந்தது.

வியாழக்கிழமை சூளையைத் திறந்தோம். மேலே பூசிய கிளேஸ் உருகி ஓடி, நூற்றிருபது யானைகளும் ஒரே யானையாகிவிட்டன. "அரை மணி கூடப் போயிருக்குதுப்பா" என்றாள் மகள். மோர்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உளியை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு யானையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்தது நடந்துவிட்டது, ஆறு மணி போய்விட்டது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளை அனுப்ப எனக்குப் பயம் ஐயா, வேறொன்றும் இல்லை. பயத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் வீம்பு பேசினேன்.

ஆகவே, தங்கள் நிகழ்ச்சிகளின் காரணமாகவே என் மகளால் ஆறு மணிக்குள் பதில் அனுப்ப முடியவில்லை என்று அந்தக் கம்பெனிக்கு முத்திரையிட்டு ஒரு சான்றிதழ் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் பிளாட்பாரத்தில் என்ன சொன்னாள் என்பதையும் தெரியப்படுத்தவும்.

தங்கள் ஒலிபரப்பு கரகரப்பின்றியும் தங்கள் குடும்பம் குறைவின்றியும் விளங்க வாழ்த்தும்,
கோ. கொளஞ்சி

பி.கு.: உறையை ஒட்டக் கோந்து கேட்டபோது பானுமதி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "சர்டிபிகேட்டெல்லாம் வேணாங்க. அன்னிக்கு நாடகத்துக்கு நடுவுல எழுந்து போனேன்ல, அப்பவே 'வரேன்னு அனுப்பிடுடீ'ன்னு சொல்லிட்டேன். அவளும் அனுப்பிட்டா. உங்ககிட்ட யாரு சொல்றதுன்னுதான் நாலு நாளா ரெண்டு பேரும் முழிக்கிறோம்" என்றாள். கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சாமிக்குப் பிராதாக எழுதிக் கட்டியவர்கள், காரியம் ஆனதும் போய் வாபஸ் வாங்கிக்கொள்வார்கள். அப்படியே இந்தப் பிராதையும் வாபஸ் வாங்குகிறேன். கைவலிக்க எழுதிவிட்டதால் அனுப்புகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜங்ஷனில் மகளை ரயில் ஏற்றுகிறோம். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எழுத வேண்டாம். ரயில் கிளம்பும்போது அந்த அப்பா என்ன சொன்னார் என்பதை மட்டும் வியாழக்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள் ஐயா. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.